பேர் போடாத சீட்டு

ஏனுங்க, இது திருச்சி வண்டிதானுங்களே? முன்னாடி போர்டு எரியலை, அதான் கேட்டேன். சித்தெ தள்ளி உக்காந்துக்கறீங்களா? நீங்க எங்கீங்க, கரூரா? அப்ப ரெண்டு மணி நேரம் இருக்குது. பேசிட்டே போலாம், எனக்குப் பஸ்ல தூக்கம் வராதுங்க.

நானு அறந்தாங்கி போறேன். அங்க ஒரு தம்பியைப் பார்க்கோணும். மாப்பிள்ளை பார்க்கறதெல்லாம் இல்லீங்க, ஆபீஸ் வேலை. வெப்சைட் செய்யற கம்பெனில நான் பிராஜெக்ட் மேனேஜருங்க. அப்படிப் பார்க்காதீங்க, சொன்னா எல்லாரும் இப்படித்தான் பார்க்கறாங்க. அம்பத்திமூணு வயசு, வேட்டி, நெத்தில துண்ணூறு, இந்த ஆளுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்னுதானே? நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருபத்திரெண்டு வருஷம் லைன் சூப்பர்வைசருங்க. நாப்பது மெஷின், நாப்பது டெய்லர். கையைப் பின்னாடி கட்டிட்டு நடந்துட்டே இருக்கோணும். ஒரு மெஷின் சத்தம் மாறினாப் போதும், என்ன கோளாறுன்னு நின்ன எடத்துல சொல்லிருவேன். நாச்சிமுத்துன்னா அந்தப் பக்கம் தெரியாத ஆளு இல்லீங்க.

அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க. எட்டு மாசம் வீட்டுல இருந்தேன். அந்த எட்டு மாசமும் எங்க சம்பூர்ணம், என்ற சம்சாரமுங்க, ஒரு நாளைக்கு மூணு தடவை கொத்தமல்லி வாங்கிட்டு வரச் சொல்லும். காலைல ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு, பொழுதோட ஒரு கட்டு. இத்தனை கொத்தமல்லி எதுக்கு அம்மிணின்னு ஒரு நாள் கேட்டேன். நீங்க சித்தெ வெளிய போயிட்டு வருவீங்கன்னுதானுங்கன்னு சொல்லிருச்சு. அன்னைக்குப் பயந்த மாதிரி நான் எதுக்கும் பயந்ததில்லீங்க. ஒரு மனுஷன் வீட்டுல இருக்கறதே தொந்தரவாப் போச்சுன்னா அவன் எங்கீங்க போவான்?

அப்பத்தான் யசோதரா மேடம் கூப்பிட்டாங்க. கோயமுத்தூர்ல சின்னதா ஒரு வெப்சைட் கம்பெனி நடத்தறாங்க. முந்தி எங்க பனியன் கம்பெனிக்கு அவங்கதான் சைட் செஞ்சு குடுத்தாங்க. அப்ப கட்டிங், டையிங், பேக்கிங்னு ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை இல்லாத மூணு டிபார்ட்மெண்ட்டுலயும் போயி போட்டோ வாங்கிக் குடுத்தது நாந்தான். அதை ஞாபகம் வெச்சிருந்து, "சார், புரோகிராம் எழுத எனக்கு ஆள் இருக்காங்க. அவங்ககிட்ட வேலை வாங்கத்தான் ஆள் இல்லை"ன்னாங்க. ரெண்டு நாள் கிளாசுக்கும் அனுப்பி வெச்சாங்க.

அஜைல்னு ஒரு முறைங்க அது. ஒண்ணும் பெரிய வித்தையில்லை. பெரிய வேலையைத் துண்டு துண்டா வெட்டிக்கோணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு துண்டு, அதுக்குப் பேரு ஸ்ப்ரிண்ட்டு. தினம் காலைல எல்லாரும் பதினஞ்சு நிமிஷம் பேசிக்கோணும். துண்டு முடிஞ்சதும், எது நல்லாருந்துச்சு எது நல்லால்லைன்னு உக்காந்து திரும்பிப் பார்க்கோணும். அவ்வளவுதான். சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. லேமினேசன் பண்ணி, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டேன்.

என்ற டீமு மூணு பேருங்க. ஜெயசீலின்னு ஒரு பொண்ணு, நாகர்கோயில்ல இருக்குது, படம் கலரெல்லாம் அதுதான் வரையும். நூருல் அமீன், ஆம்பூரு, உள்ள இருக்கற எஞ்சினு பூரா அவரு வேலை. செங்கொடி, திருத்துறைப்பூண்டி, எல்லாம் சரியா ஓடுதான்னு தட்டிப் பார்த்துக் குத்தம் கண்டுபிடிக்கற வேலை. மூணு பேரும் அவங்கவங்க வீட்டுல இருந்தேதான் வேலை. ஒருத்தரையொருத்தர் நேர்ல பார்த்தது கூட இல்லை. எனக்கு அது பெரிய சங்கட்டமுங்க. ஆளைப் பார்க்காம எப்படி வேலை வாங்கறது? நான் எங்க போயி நடக்கறது, ஆரு பின்னாடி கையைக் கட்டறது?

அதனால அந்தக் காலைக் கூட்டத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். தினம் பத்தரை மணி. வெள்ளிக்கிழமை மட்டும் பத்து இருபத்தஞ்சு, ஏன்னா பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிருது. புத்தகத்துல பதினஞ்சு நிமிஷம்னுதான் போட்டிருந்துச்சு. ஆனா புத்தகம் எழுதினவனுக்கு ஆளுங்களைப் பத்தித் தெரியாதுங்க. நமக்கு ஒண்ணே கால் மணி நேரமாவது ஆகும். எல்லாரும் நின்னுட்டுத்தான் பேசோணும்னும் கிளாசுல சொல்லிக் குடுத்தாங்க. உக்காந்துட்டு நிக்கறேன்னு பொய் சொன்னா எனக்கெப்படித் தெரியும்? அதனால காமிராவை முழங்காலுக்குத் திருப்பச் சொல்லிட்டேன். மூணு ஜோடி முழங்காலும் தெரிஞ்சதுக்கப்புறந்தான் கூட்டம் ஆரம்பிப்பேன். இதெல்லாம் எந்த மேனேஜரும் யோசிச்சிருக்க மாட்டானுங்க.

வந்த வேலை என்னன்னா, கிரைண்டருங்க. மாவாட்டற கிரைண்டர். ராக்கியண்ணன்னு ஒரு முதலாளி, பீளமேட்டுப் பக்கம் பட்டறை. கல்யாணச் சீருக்கு அவரு கிரைண்டருன்னா சண்டை போட்டு வாங்குவாங்க. அதை சைட்ல விக்கோணும், கனடால இருக்கற பொண்ணு கூட அங்கிருந்தே வாங்கற மாதிரி இருக்கோணும்னாரு. ஆவணி மாசம் மொத முகூர்த்தத்துல சைட் தொறக்கோணும், ஒரு நாள் தள்ளினாலும் வேற கம்பெனிக்குப் போயிருவேன்னுட்டாரு. மேடம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சார், இது போச்சுன்னா உங்களை வெச்சுக்க முடியாதுங்க"ன்னு சொன்னாங்க. தன்மையாத்தான் சொன்னாங்க. எனக்கு உடனே கொத்தமல்லிக் கட்டு கண்ணு முன்னாடி வந்திருச்சு.

வேலை நகரலீங்க. ஆனி மாசக் கடைசி வரைக்கும் பாதி கூட ஆகலை. நானும் கூட்டத்தை ஒண்ணரை மணி நேரம் ஆக்கிப் பார்த்தேன். அப்பவும் நகரலை.

காங்கேயம் வந்திருச்சு போல. இருங்க, அந்தம்மா எறங்கட்டும்.

சரி, எங்க விட்டேன், ஆனிக் கடைசி. ஸ்ப்ரிண்ட் முடிஞ்சு திரும்பிப் பார்க்கற கூட்டம். அதுல ஒரு ஏற்பாடுங்க. கம்ப்யூட்டர்ல ஒரு பலகை மாதிரி இருக்கும். மனசுல இருக்கறதை ஆளாளுக்கு ஒரு சீட்டுல எழுதி அதுல ஒட்டலாம். பேர் போட வேண்டியதில்லை. பேர் போட்டா ஆருங்க உண்மையைச் சொல்லுவாங்க? இந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்ததே நாந்தான். தைரியமா எழுதுங்க கண்ணுகளா, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்னு இருபது நிமிஷம் பேசினேன். பேசி முடிச்சுப் பலகையைப் பார்த்தா, ஒரே ஒரு சீட்டு.

"நாச்சிமுத்து சார் ரொம்ப நல்லவர். அவர் பேசாம இருந்தா வேலை முடிஞ்சிரும்."

வாய்விட்டுப் படிச்சேன்.  மூணு ஜோடி முழங்காலு மட்டும் தெரியுது. எதுவும் அசையலை.

நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலீங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன்னு சொல்லியிருக்கறேனே. எழுதினது ஆருன்னு மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு நெனைச்சேன். அவ்வளவுதான். ரெண்டு நாள் சோறு எறங்கலை. சம்பூர்ணத்துக்கிட்டச் சொன்னேன். அது மோரு ஊத்துச்சு. மொத வரி நல்லாத்தானுங்களே இருக்குதுன்னு சொல்லுச்சு. மொத வரி ஏமாத்து அம்மிணி, ரெண்டாவது வரிதான் விஷயம்னு சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஆடி பொறந்திருச்சு. ஆடி ரெண்டாந் தேதி அடுத்த ஸ்ப்ரிண்ட் ஆரம்பிக்கோணும். ராக்கியண்ணன் போன் போட்டாரு. "ஆடில எதையும் புதுசா ஆரம்பிக்கப் படாதுங்க நாச்சிமுத்து. பழைய வேலை எதுன்னாலும் நடக்கட்டும், புதுசா ஒண்ணும் ஆரம்பிச்சிராதீங்க"ன்னாரு. ஸ்ப்ரிண்ட்டுன்னா ரெண்டு வாரம், முடிஞ்சா புதுசு ஆரம்பிச்சே ஆகோணும், அதுதானே முறை? வேற எவனாயிருந்தாலும் திகைச்சு நின்னிருப்பான். நான் என்ன பண்ணினேன் தெரியுமுங்களா? பழைய ஸ்ப்ரிண்ட்டை முடிஞ்சதாவே கணக்கு வெக்கலை. ஆனில ஆரம்பிச்சது, ஆடி பூரா ஓடட்டும்னு விட்டுட்டேன். நாப்பத்தஞ்சு நாள் ஸ்ப்ரிண்ட்டு. அமெரிக்காக்காரனே கேட்டதில்லை இப்படி ஒண்ணை.

பழைய ஸ்ப்ரிண்ட்டே ஓடறதால, புதுசாத் திட்டம் போடற கூட்டம் இல்லை. சரி, கைல நேரம் இருக்குது, அந்தச் சீட்டு விஷயத்தை நேர்லயே போயி விசாரிச்சிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். மூஞ்சியைப் பார்த்தாத் தெரிஞ்சிருமுங்க எனக்கு. நாப்பது டெய்லர்ல ஊசி ஒடைச்சது ஆருன்னு மூஞ்சியை வெச்சுச் சொன்ன ஆளு நானு. மேடத்துக்கிட்ட பீல்டு விசிட்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டேன். பத்தரை மணிக் கூட்டத்தைப் பஸ்ல இருந்தே நடத்திப் பார்த்தேன், சிக்னல் அறுந்து அறுந்து போயிருச்சு. மூணாவது நாளோட விட்டுட்டேன். அவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும், என்ன பண்றது.

மொதல்ல நாகர்கோயிலு. ஜெயசீலி வீட்டு வாசல்ல நின்னு, ஏம்மான்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். உள்ள இருந்து அந்தப் பொண்ணோட மாமியார், "பத்தரை மணி சாரா? வாருங்க, வாருங்க. சத்தத்தக் கேட்டே கண்டுபிடிச்சிட்டேன்"னு வந்துட்டாங்க. ஒரு வருஷமாத் தினம் என்ற குரலைக் கேக்கறாங்களாம். கிரைண்டர் சைட்டுல பட்டன் பச்சையா நீலமான்னு நாங்க நாலு நாள் பேசினமே, அது வரைக்கும் அந்தம்மாவுக்குத் தெரியுதுங்க. பச்சதான் நல்லதுன்னாங்க.

ஹால்ல உக்கார வெச்சாங்க. ஜெயசீலிக்கும் அங்கதான் மேசை. நான் சாயா குடிச்சுட்டுச் சும்மா பார்த்துட்டு இருந்தேன். ஒரு ஒறம்பரை வருது, விருந்தாளிதானுங்க. அந்தப் பொண்ணு மடிக்கணினியை மூடிட்டு எந்திரிச்சுச் சாயா போடுது. உக்காருது, பாதிப் படம் வரையறதுக்குள்ள அடுத்த ஒறம்பரை. மத்தியானம் வரைக்கும் எண்ணினேன், பதினோரு சாயா. லைன்ல ஒரு டெய்லரு பதினோரு தடவை எந்திரிச்சா அன்னைக்கு எத்தனை பனியன் தைப்பான்?

எனக்கு அது வேலையில்லைதான். சும்மா இருக்க முடியாமச் சொல்லிட்டேன். "ஏம்மா, இந்தக் காமிரால உங்க ஹால் பூரா எங்க கம்பெனிக்குத் தெரியுதுங்க. வர்றவங்க போறவங்க எல்லாந் தெரியுது"ன்னேன். அந்தம்மா மூஞ்சி போன போக்கைப் பார்க்கோணுமே. உடனே கையால தலையைச் சரி பண்ணிட்டாங்க. "இவ்வளவு நாளா நான் நைட்டில நின்னதெல்லாமா சாரே?"ன்னாங்க. எல்லாமேதாங்கன்னேன். மறுநாள் காலைல மேசை மாடி அறைக்குப் போயிருச்சு. கதவு சாத்தினா ஒரு சத்தமும் வராது. சாயாக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணை ஏற்பாடு பண்ணிட்டாங்க.

அதை விடுங்க, விஷயத்துக்கு வர்றேன். கெளம்பறப்ப ஜெயசீலிக்கிட்ட மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். அந்தச் சீட்டை எழுதினது ஆரு கண்ணு?  "நான்தான் சார், மன்னிச்சிருங்க"ன்னிருச்சு. கண்ணுல தண்ணி. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. ஆனா ஒண்ணு, கண்டுபுடிச்சாச்சு. நிம்மதியா ஊருக்கு வந்திருக்கலாம். டிக்கெட் எடுத்தாச்சேன்னு ஆம்பூருக்கும் போனேன்.

நூருல் அமீன் கூட்டத்துல பேசறப்பவெல்லாம் பாதில காணாமப் போயிருவாரு. நெட் போச்சு சார் நெட் போச்சும்பாரு. சாக்குன்னுதான் நெனைச்சிட்டிருந்தேன். வீட்டுக்குப் போயி, நெட் பெட்டி எங்கப்பான்னு கேட்டேன்.  அவங்கம்மா பெருமையா இடுப்புல இருந்து சாவியை எடுத்து, பெட்ரூம்ல இருந்த இரும்பு பீரோவைத் தொறந்தாங்க. உள்ள, பட்டுப் பொடவைக்கு நடுவுல, அந்தப் பெட்டி மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சிட்டு இருக்குது. "ஆபீஸ் சாமானாச்சே. தொலைஞ்சு போச்சுன்னா யார் பதில் சொல்றது? அதான் பத்திரமா வெச்சிருக்கேன்"னாங்க. வயரு போறதுக்குப் பீரோவுக்குப் பின்னாடி ஓட்டை வேற போட்டிருக்காங்க.

ஒரு வருஷமா அம்மாகிட்டச் சொல்லத் தைரியமில்லாம அந்த மனுஷன் பீரோவுக்குப் பக்கத்துல கட்டில் மேல உக்காந்து வேலை செஞ்சிருக்காருங்க. நான் அம்மாகிட்டப் பேசினேன். "பீரோவுக்குள்ள வெச்சா அதுக்கு மூச்சு முட்டுமுங்க, செவுத்துல மாட்டிப் பூட்டுப் போட்டுரலாம்"னேன். கூண்டு ஒண்ணு வாங்கி, செவுத்துல அடிச்சு, பூட்டுப் போட்டு, சாவியை அந்தம்மா கைல குடுத்தேன். ஆடி வெள்ளி அன்னைக்கு, நமக்குக் கறி இல்லை. எனக்குன்னு தனியா வேற பாத்திரத்துல தயிர்சோறு பண்ணிக் குடுத்தாங்க. நெம்ப நல்ல மனுஷி.

கெளம்பறப்ப ஒரு பேச்சுக்குச் சொன்னேன். சீட்டு எழுதினது ஜெயசீலின்னு தெரிஞ்சு போச்சுப்பான்னு. அந்தத் தம்பி பதறிட்டாரு. "இல்ல சார், ஜெயசீலி இல்ல. நான்தான் எழுதினேன்"னாரு. எனக்கு ஒண்ணும் புரியலை. இருக்கறது ஒரு சீட்டு, எழுதினது ரெண்டு பேரா?

வெள்ளக்கோயிலா இது? பரவால்லை, பாதி வழி வந்துட்டோம். உங்களுக்குத் தூக்கம் வரலையே? வந்தாச் சொல்லுங்க, நிறுத்திக்கறேன்.

திருத்துறைப்பூண்டி. செங்கொடியோட அப்பா அந்தக் காலத்துச் சங்கத்து ஆளு, ஊருல எல்லாரும் தோழர்னுதான் கூப்பிடறாங்க. போனா, வாசல்ல பெரிய வரிசை. ரேஷன் கடையாட்டம் நிக்கறாங்க. என்னன்னு பார்த்தா, பொண்ணு வீட்டுல கம்ப்யூட்டர் இருக்குதுன்னு தோழர் ஊரு பூராச் சொல்லி வெச்சிருக்காரு. பட்டாவுக்கு எழுதணுமா, பயிர்க் காப்பீடா, பையனுக்கு உதவித்தொகையா, வாங்க, எம்மவ செஞ்சு தரும்னு. அந்தப் பொண்ணு இல்லைன்னு சொல்லாது, அப்பா பேரு கெட்டுருமேன்னு. பகல் பூரா பாரம் பூர்த்தி பண்ணிட்டு, கிரைண்டரை எப்பங்க தட்டிப் பார்க்கும்?

"தோழரே, வரிசை தப்பில்லை, ஒழுங்கில்லாததுதான் தப்பு"ன்னேன். இந்த விஷயத்துல நானு கெட்டிங்க. மாட்டுக் கொட்டாய்ச் செவுத்துல சுண்ணாம்புல மூணு கட்டம் போட்டேன். வந்தது, நடக்குது, முடிஞ்சது. ஆளுக்கொரு சீட்டு. சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு. ஒரு நாளைக்கு எட்டுப் பேரு, அதுக்கு மேல கெடையாது. சீட்டை நகர்த்தற வேலையைத் தோழருக்கே குடுத்துட்டேன். மனுஷன் அவ்வளவு சந்தோஷமாச் செய்யறாரு. ஒரு கெழவி, "ஏன் தோழரே, எஞ்சீட்டு ரெண்டு நாளா நடக்குதுலயே நிக்குதே"ன்னு அதட்டிக் கேக்குது. நான் சொல்லிக் குடுத்த முறையை ஒரு எழுத்து பிசகாமக் கடைப்பிடிக்கற எடம் இந்த ஒலகத்துல அந்த மாட்டுக் கொட்டாய் ஒண்ணுதானுங்க.

நீங்க நெனைக்கறது சரிதான். செங்கொடியும் நாந்தான் எழுதினேன்னு சொல்லிருச்சு. அழுகை கிழுகை ஒண்ணுமில்லை. அப்பா மாதிரியே நிமிர்ந்து நின்னு, "நான்தான் சார் எழுதுனேன், இப்பவும் அதான் சொல்றேன்"னுச்சு.

ஊருக்கு வந்து மேடத்துக்கிட்டச் சொன்னேன். ஒரு சீட்டுக்கு மூணு பேரு ஒத்துக்கறாங்க, இதுல எது உண்மைன்னு எனக்குத் தெரியலை மேடம்னு. அவங்க, "சார், நான் எழுதினதா வெச்சுக்குங்களேன்"னாங்க. ஆக நாலு பேரு. அப்பத்தான் எனக்கு உண்மை வெளங்குச்சுங்க. ஒருத்தரையொருத்தர் காப்பாத்தறாங்க. நேர்ல பார்த்துக்கிட்டதே இல்லை, ஆனா மத்தவங்க பேரு கெடக்கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கறாங்க. அப்படி ஒரு ஒத்துமை. இதை வளர்த்து விட்டது ஆரு? தினம் ஒண்ணே கால் மணி நேரம் நிக்க வெச்சமே, சும்மாவா.

வேலைங்களா? அது முடிஞ்சிருச்சே. ஆடி இருபத்தாறாந் தேதியே முடிச்சுட்டாங்க. எட்டு மாசமா நகராத வேலை மூணே வாரத்துல. எனக்கு ஆச்சரியமே இல்லீங்க, ஸ்ப்ரிண்ட்டை நாப்பத்தஞ்சு நாளாக்கினேன் பாருங்க, அதுதான் காரணம். அதோட, நான் நேர்ல விசாரிக்க வர்றேன்னு ஒரு பயமும் இருந்திருக்கும். ஆவணி மொத முகூர்த்தத்துல ராக்கியண்ணன் மடிக்கணினிக்குச் சந்தனம் வெச்சு, ஒரு கிரைண்டர் மேல தூக்கி வெச்சு, தேங்காய் ஒடைச்சாரு. பத்து நிமிஷத்துல கனடால இருந்து மொத ஆர்டர். பச்சைப் பட்டனை அமுக்கித்தான்.

அன்னைக்குச் சாயங்காலம் மேடம் கூப்பிட்டு உக்காரச் சொன்னாங்க. சரி, முடிஞ்சது கதைன்னு நெனைச்சேன். வேலை முடிஞ்சிருச்சு, சீட்டுல எழுதினது பலிச்சிருச்சு, நான் பேசாம இருந்தேன், வேலை முடிஞ்சிருச்சு. இனி நான் எதுக்கு?  டீயைக் கீழ வெச்சுட்டேன்.

மேடம் என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? "சார், ஆடில செஞ்சீங்களே, இனிமே அதையே செய்யுங்க. ஆளுங்க வீட்டுக்குப் போங்க, உக்காருங்க, பாருங்க, வாங்க. பத்தரை மணிக் கூட்டத்தை நான் பார்த்துக்கறேன்." நான் ஒண்ணும் செய்யலீங்களே மேடம், ஒறம்பரையாட்டம் போயிச் சாயா குடிச்சுட்டு வந்தேன், சீட்டு எழுதினது ஆருன்னு கூடக் கண்டுபுடிக்கலைன்னேன். அவங்க சிரிச்சுட்டு, "அதைத்தான் சார், அதையே செய்யுங்க"ன்னாங்க.

வேலை இருக்குதுன்னு சந்தோஷம்தானுங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா கூட்டத்தைப் புடுங்கிட்டாங்க பாருங்க, அது ஒரு கொறை. மேடம் ஒம்பது நிமிஷத்துல முடிச்சிடறாங்க. ஒம்பது நிமிஷத்துல மனுஷன் என்னங்க பேச முடியும்? முழங்காலும் பார்க்கறதில்லையாம். எங்க போயி முடியப் போகுதோ.

இப்ப அறந்தாங்கில புதுசா ஒரு தம்பி சேர்ந்திருக்காரு, இளஞ்சேரன். நல்ல வேலைக்காரர், ஆனா தினம் ரெண்டு மணில இருந்து நாலு மணி வரைக்கும் ஆளைக் காணோமாம். கேட்டாச் சொல்ல மாட்டேங்கறாராம். அதைப் பார்த்துட்டு வாங்கன்னு அனுப்பியிருக்காங்க. இதுக்கொரு மேனேஜரா, நீங்களே சொல்லுங்க.

சரி, நீங்க இவ்வளவு நேரம் கேட்டீங்களே. அந்தச் சீட்டை எழுதினது ஆருன்னு நெனைக்கறீங்க? மூணு பேரும் சேர்ந்தா? அதெப்படீங்க முடியும்? அப்படின்னா எனக்குத் தெரியாம மூணு பேரும் கலந்து பேசியிருக்கோணுமே. எங்க பேசுவாங்க, ஒருத்தர் தெக்க, ஒருத்தர் வடக்க, ஒருத்தர் கெழக்க. போன்ல தனியா குரூப்பா? ச்சே ச்சே, அப்படி ஒண்ணு இருந்தா என்னைச் சேர்த்திருப்பாங்களே.

இருங்க, போன் அடிக்குது. இல்லை, மெசேஜு. கண்ணாடி எங்க வெச்சேன். செங்கொடிதான், என்னை எதுலயோ சேர்த்திருக்குது. "வணக்கம் சார். இளஞ்சேரன் விஷயமெல்லாம் இங்கதான் பேசிக்கறோம். நீங்க இல்லாம முடியல. அதான் சேர்த்துட்டேன்." பார்த்தீங்களா, இப்பத்தான் சொன்னேன். குரூப்புப் பேரு என்னமோ போட்டிருக்குது, நீங்க படிங்க, பஸ்ஸு ஆடுது.

என்ன? சத்தமாப் படிங்க, பரவால்லை.

"நாச்சி சார் இல்லாத இடம்."

எப்ப ஆரம்பிச்சதுன்னு கீழ போட்டிருக்குமே. அந்தத் தேதியா? அது நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாளுங்க. உள்ள ஆராரு? மூணு பேரும் இருக்காங்க. மேடமும் இருக்காங்களுங்க.

கொஞ்சம் தண்ணி குடுங்க.

கோவம் வரோணும் எனக்கு. வருதான்னு பார்க்கறேன், வர மாட்டேங்குது. அந்தப் பேரை அவங்க மறைச்சிருக்கலாம், மாத்திட்டுச் சேர்த்திருக்கலாம். வெச்சபடியே வெச்சுட்டுக் கதவைத் தொறந்துட்டாங்க. சந்தோஷமா இருக்குதுங்க. 

ஆனா பேரு இப்ப தப்பாப் போச்சு, அதான் நான் உள்ள வந்துட்டனே. அதை மட்டும் எடுத்துச் சொல்லிரோணும். ஒரு நிமிஷம், வாய்ஸ் மெசேஜு ஒண்ணு போட்டுக்கறேன். சின்னதுதானுங்க, கரூர் வர்றதுக்குள்ள முடிச்சிருவேன். எல்லாருக்கும் வணக்கம், நான் நாச்சிமுத்து பேசறேன். மொத்தம் ஏழு விஷயம்.